அந்த ஊட்ல இருந்தா காலேஜ் போவ?

"ஹலோ... ஹலோ... யாரு பேசறது?... டிவி சத்தத்தக் கொற மொதல்ல, ஒன்னும் கேக்கல... ஆங். போன உங்கம்மா கைல குடு... குளிக்கிறாங்களா? ம்... நீ யாரு?... தன்ஷிகாவா..."

வனஜாவின் குரல் அந்த இடத்தில் தானாகவே கொஞ்சம் இறங்கியது. வெள்ளானூரில் தன் வீட்டு மாடிப்படியில், கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் வேலை. நாள் முழுக்க மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, சாதாரணமாகப் பேசினாலே சண்டை போடுகிற மாதிரி இருக்கும். இன்றைக்குச் சண்டை போடவேண்டும் என்றே போன் செய்திருந்தாள். எடுத்தது ஒரு குழந்தை.

"இன்னா படிக்கிற?... யூகேஜியா... சரி சரி, ரைம்ஸ் அப்பால சொல்லு... நானா? நான்... பவித்ரா அக்கா வந்துகீறா இல்ல உங்க ஊட்டுக்கு, அவளோட அம்மா... இன்னாது? இன்னொரு தபா சொல்லு... பெரிம்மாவா?"

காதிலிருந்து போனை எடுத்துத் திரையை ஒருமுறை பார்த்தாள். வீட்டுக்கு வந்த இந்த ஒரு மணி நேரத்தில் அவள் சேர்த்து வைத்த வார்த்தைகள் ஏராளம். அதில் ஒன்றைக்கூட ஒரு யூகேஜிப் பிள்ளையிடம் சொல்ல முடியாது.

"யாரு சொல்லிக் குடுத்தது அப்டிக் கூப்ட?... ம்... ம்... சரிம்மா. நீ போயி பாத்ரூம் கதவத் தட்டு. வெள்ளானூர் வனஜா லைன்ல கீறாங்கன்னு சொல்லு. ஓடு. கீழ உய்ந்துடாத."

அந்தக் குழந்தையின் அப்பா சிவராமன். பவித்ராவுக்கும் அவன்தான் அப்பா. பவித்ரா ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது வனஜாவை விட்டுப் போய், நசரத்பேட்டையில் சித்ரா என்பவளோடு குடும்பம் நடத்த ஆரம்பித்தான். அந்த சித்ராவின் நம்பர் வனஜாவின் போனில் வெகுகாலமாக இருந்தது. பெயர் போடாமல் 'நசரத்பேட்டை' என்று மட்டும் பதிந்து வைத்திருந்தாள். ஒருநாளும் அழைத்ததில்லை.

இன்றைக்கு வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பவித்ராவின் அலமாரியில் இரண்டு பழைய சுடிதார்கள் மட்டும் தொங்கின. தலையணையைக்கூட எடுத்துக்கொண்டு போயிருந்தாள். போனில் ஒரு செய்தி: 'அம்மா, நான் நசரத்பேட்டைல தங்கி காலேஜ் போறேன். கிட்டக்க இருக்கு. தேடாத. சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கு.' அழைத்தால் சுவிட்ச் ஆப். வீட்டை விட்டுப் போகிறவள் சோறு வடித்து, கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறாளே, அதுதான் வனஜாவுக்கு மற்ற எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது.

"... ம். சித்ராவா? நானேதான்... அக்காவா? யாருக்கு யாரு அக்கா? உங்கம்மா வயித்துலயா பொறந்தேன் நானு?... நீ ஒன்னும் பேசாத. நான் சொல்றத மட்டும் கேட்டுக்க. எம் பொண்ணு அங்க வந்துகீறா. அவ துணிமணியெல்லாம் எட்து மூட்ட கட்டு. பூந்தமல்லி வரைக்கும் ஆட்டோ புட்சி, ஆவடி பஸ்ல ஏத்தி உடு... நாளைக்கு இல்ல. இன்னிக்கு. இப்போ."

"... இன்னா பேசணும்? எனக்கும் உனக்கும் பேசறதுக்கு இன்னா கீது? ஒருத்தன இஸ்துகினு போன. போனா போவுதுன்னு உட்டேன். தல முழுவிட்டு எம் பாட்டுக்குக் கம்பெனிக்குப் போறேன், வரேன். இப்ப பொண்ணையும் சேத்து இஸ்துக்கலாம்னு பாக்குறியா? இன்னும் இன்னா கீது எங்கூட்ல? பிரிட்ஜு கீது. வாஷிங்மெஷினு கீது. வண்டி எட்தாந்து அதையும் ஏத்தினு போறியா?"

"... ஆமா, கத்தறேன். அப்டித்தான் கத்துவேன். தெரு கேட்டா கேக்கட்டும். எனக்கு எவளப் பாத்தும் பயம் கெடையாது!"

தெரு கேட்கத்தான் செய்தது. எதிர்வீட்டு ஜெகதாம்பாள் கையில் துடைப்பத்தோடு கேட் பக்கம் வந்து நின்றாள். வாசல் பெருக்கியாகிவிட்டது, துடைப்பம் சும்மா கையில் இருந்தது. வனஜா போனின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இல்லக்கா, ஒன்னுமில்ல... கம்பெனி போனு. ஒரு பொண்ணு பீஸ் அத்தனையும் தப்பா தச்சி வெச்சிட்டா, அதான் ரவ சத்தம் போட்டேன்... பவித்ராவா? பிரெண்டு ஊட்டுக்குப் போயிகீறா... வந்துடுவாக்கா... சரிக்கா, சரிக்கா."

ஜெகதாம்பாள் நகரவில்லை. வனஜா எழுந்து மாடி வரை ஏறிப் போனாள். மொட்டை மாடியில் காலையில் பவித்ரா துவைத்துப் போட்டிருந்த வனஜாவின் கம்பெனி யூனிபார்ம் சேலை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"ஹலோ. கீறியா?... வெச்சிட்டு ஓடிட்டியோன்னு நெனச்சேன்... இந்தா, உங்கிட்ட எனக்கு இன்னா பேச்சு. அந்தாள் கைல போனக் குடு. அவரு தானே ஓதி ஓதி எம் பொண்ணு மனசக் கலச்சது? தீவாளிக்கு டிரெஸ்ஸு, பொறந்தநாளுக்குச் செல்போனுன்னு வாங்கிக் குடுக்கும்போதே எனக்குத் தெரியும்... இல்லியா? எங்க போயிகீறாரு?... பூனாவுக்கா? எப்ப?... அப்ப அவரு வண்டி ஏறினதும் நீ... இரு. இரு இரு. பவித்ரா அங்க வந்துகீறது அவருக்குத் தெரியுமா தெரியாதா?... தெரியாதா?"

ஒரகடத்திலிருந்து புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு வடக்கே போகும் டிரெய்லர் வண்டி ஓட்டுகிறான் சிவராமன். இந்த ஒரு மணி நேரமாக வனஜாவின் மனசுக்குள் நடந்த சண்டை முழுவதும் அவனோடுதான். மகளை இனிக்க இனிக்கப் பேசி மயக்கினான், அழைத்துக்கொண்டான், இப்போது அங்கே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான் என்றே முடிவு கட்டியிருந்தாள். அவன் அந்த வீட்டிலேயே இல்லை. அவனை எவரும் எதுவும் கேட்கக்கூட இல்லை.

"அப்ப அவ யாரக் கேட்டுகினு வந்தா?... உன்னையா?... போன்லயா? எம் பொண்ணுகிட்ட உன் நம்பர் எப்டி வந்துச்சி?... எந்த அட்மிஷனு?... தோ பாரு, பொய் சொல்லாத. அட்மிஷன் அன்னிக்கு அவகூடப் போனது ரெனிதாவோட அம்மா... ரெனிதா அம்மாதான்னு எம் பொண்ணே எங்கிட்ட..."



ரெனிதா பவித்ராவின் பள்ளித் தோழி; அதே காலேஜில் சேர்ந்தவள். அட்மிஷனுக்குப் பெரியவர்கள் யாராவது கூட வரவேண்டும் என்று காலேஜில் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு வனஜாவின் கம்பெனியில் சரக்கு கப்பலேற வேண்டிய நாள். லீவு கிடையாது என்று மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். அவள் புலம்பிக்கொண்டிருந்தபோது பவித்ராதான், 'நீ போம்மா, ரெனிதா அம்மா வராங்க' என்றாள். சாயங்காலம் வந்து, அவர்கள் வெயிலில் வரிசையில் நின்றதையும், தனக்குக் குடை பிடித்ததையும், மத்தியானம் பிரியாணி வாங்கித் தந்ததையும் வாய் ஓயாமல் சொன்னாள். கேட்டுக் கேட்டு வனஜாவுக்கே அந்த அம்மாள்மேல் பிரியம் வந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முறுக்கு சுட்டு, டப்பாவில் போட்டு, 'ரெனிதா அம்மாகிட்ட குடு' என்று கொடுத்தனுப்பினாள்.

"... நீயா நின்ன வெயில்ல?... நீயா பிரியாணி வாங்கிக் குடுத்த?... அப்ப நான் சுட்டுக் குடுத்தனுப்ன முறுக்கு?"

"... உங்க ஊட்டுக்கா வந்துச்சி? அத்தினியும் துன்னுட்டீங்களா?... நல்லா இருந்துச்சா? நல்லா இருந்துச்சாம். வெக்கமா இல்ல உனக்கு?... உனக்குத் தெரியாதா நான் யாருக்குக் குடுத்தேன்னு?... அவ சொன்னா நீ வாங்கி வாயில போட்டுப்பியா?... சும்மா அக்கா அக்காங்காத, எரியுது எனக்கு... இரு. அது இன்னா சத்தம்?"

வனஜா மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். மூக்கை உறிஞ்சுவதும், பிறகு நெஞ்சிலிருந்து மெல்லிய விசில் மாதிரி ஒரு மூச்சும். அந்த மூச்சை அவளுக்குத் தெரியும். எத்தனையோ இரவு அதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்திருக்கிறாள்.

"ஸ்பீக்கர்ல போட்டுகீறியா நீ?... இம்மா நேரம் அவ பக்கத்துலதான் குந்தினுகீறாளா?... பவித்ரா. ஏய், பவித்ரா. எட்றி போன... அவ பேச மாட்டேன்னு சொன்னா நீ கம்முனு இருப்பியா? குடு அவ கைல... பவித்ரா!"

"... ம். கீறேன். உயிரோடதான் கீறேன்... துன்னல. நீ ஆக்கி வெச்சது அப்டியே கீது. நாய்க்குக் கொட்டப் போறேன்... ஏன்டி போன ஆப் பண்ணி வெச்ச?... நான் எங்கடி கத்தறேன்? சொல்லு. கத்த மாட்டேன்... கத்த மாட்டேன்னு சொல்றேன் இல்ல!"

"அந்த ஊட்ல இருந்தா காலேஜ் போவ? இத்தினி பெரிய ஊர்ல உனக்கு வேற எடமே கெடைக்கலியா?... பஸ்ஸா? பஸ்ஸுக்கு இன்னா கொறச்சல்? ஆவடிக்கு வந்து காலேஜ் பஸ்ல ஏறிக் குந்துனா, நேரா கேட்டுக்குள்ள எறக்கி உடறான்... இருட்டோட எய்ந்துதான்டி போவணும். எல்லாரும் போல? கரையான்சாவடி ட்ராபிக்கு உனக்கு மட்டுமா கீது? நான் எத்தினி வருஷமா எஸ்டேட்டுக்கு நின்னுகினே போய் வரேன், நான் செத்தா பூட்டேன்?... பொகையில வீசிங் வருதுன்னா... சரி. சரி, பஸ்ஸு வோணாம். அதுக்கு?"

"... ஆஸ்டலு கேட்ட. கேட்டதான். நான் இல்லன்னல. வோணாம்னேன். வயசுப் பொண்ணு, நாலு ஊர்ப் பொண்ணுங்க வர்ற எடம்... ஆமா, எங்கிட்ட இருந்தாதான் நல்லா இருப்ப. அதுல இன்னா தப்பு?"

ஹாஸ்டல் வேண்டாம் என்று அவள் பவித்ராவுக்குச் சொன்ன காரணங்கள் பல. சோறு சரியிருக்காது, கூட்டாளிகள் சரியிருக்க மாட்டார்கள், வார்டன் கண்டுகொள்ள மாட்டாள். சொல்லாத காரணம் ஒன்று. ஷிப்ட் முடிந்து வந்து, பூட்டைத் திறந்து, தானே விளக்கைப் போட்டு, தனியாக உட்கார்ந்து சாப்பிட அவளால் முடியாது. அதைப் பெற்ற பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவள் படிக்கப் போவாளா? அதனால் கோபமாகவே சொல்லிவிட்டாள்.

"... நான் இன்னாடி பண்ணேன் உன்ன? சோறு போடலியா? படிக்க வெக்கலியா? உனக்கு ஒன்னுன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடலியா? சொல்லு. உன் சின்னம்மாவும் கேக்கட்டும். நல்லா ஸ்பீக்கர்லயே சொல்லு... இன்னா சொல்றேன்? எப்ப பாத்தாலும் அப்டி இன்னாடி சொல்றேன்?"

"... ம்... ம்... லேட்டா எய்ந்தா சொல்லியிருப்பேன்... சிரிச்சாக்கூடவா? சிரிச்சதுக்கா?... காலாட்டினு குந்துனா, அது ஒரு பேச்சுக்கு... கொயம்புல உப்பு ஜாஸ்தியானதுக்கு நான் எப்படி... பவி, பொய் சொல்லாத. அட்மிஷன் கெடச்ச அன்னிக்கு நான் அப்டி சொல்லவே இல்ல... 'உங்கப்பன் மாரி பாதியில உட்டுட்டு ஓடாம இருந்தா சரி'ன்னா?... சொன்னனா?"

சொல்லியிருந்தாள். அவளுக்கு ஞாபகம் வந்தது. இனிப்பு வாயில் போட வந்த கையைத் தள்ளிவிட்டுச் சொல்லியிருந்தாள். அப்போது அது ஒரு பெரிய பேச்சாகவே படவில்லை. மிக்சியை அணை, தண்ணி மோட்டாரைப் போடு என்று சொல்வதுபோல, அந்த வீட்டில் தினமும் புழங்குகிற வார்த்தை அது. அப்பன் தூக்கம், அப்பன் சிரிப்பு, அப்பன் நடை, அப்பன் புத்தி.

"... அங்க? முறுக்கு எட்துனு போனதுல இருந்து அங்க போயி வந்துனுகீறியா?... அங்க யாரும் ஒன்னும் சொல்றதில்லியா?... அவ சொல்ல மாட்டாளா, அப்பா மாரி கீறன்னு?... அந்தாள் பேச்சையே எட்க மாட்டாளா? அவரோட ஊட்லயேவா?... ம்... ம்... வந்தா சாப்ட்டு தூங்குவாரு, போவாரு. அவ்ளோதானா... இங்கதான் எந்நேரமும்... இங்கதான் அவரு எந்நேரமும் கீறாரா?"

வனஜா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளானூர் வீட்டில் சிவராமனுடைய ஒரு சட்டை கிடையாது. ஒரு போட்டோ கிடையாது. அவன் உட்கார்ந்த நாற்காலியைக்கூடப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டாள். அவனை அடியோடு வெளியே அனுப்பிவிட்டதாகத்தான் இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தாள். தெரிந்த வழியிலேயே போனாள். திரும்பக் கத்தினாள்.

"சரிடி! ரொம்ப சந்தோஷம்! பெத்தவ பேசனா குத்தம், அவ பேசாம இருந்தா புண்ணியமா? நல்லா இரு. ஆனா அங்க இருக்காத. ஆஸ்டலுக்குப் போ. இப்ப நானே சொல்றேன், ஆஸ்டல்லயே சேரு. நாளைக்கு லீவு போட்டுட்டு நானே வந்து சேத்து உடறேன்... ரொம்பிடுச்சா? ஒரு எடம்கூடவா இல்ல?... சரி, ரெனிதாகூட ரூமு எட்து தங்கறேன்னியே, அது?... வேற பொண்ணு வந்துட்டாளா? எப்ப?... நான் சரின்னு சொல்றேனா பாத்துகினு இருந்தியா?... அத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?... சொன்னியா."

"... அய்யோ, அழாத... அழாதன்னா. அழுதா ஜாஸ்தியாவும். நிமுந்து குந்து. இன்ஹேலர் எட்தாந்தியா?... ரெண்டுமா? சரி. இப்ப ஒரு தபா இழு... இழுத்துட்டியா?... போன அவ கைல குடு... குடுன்னா குடேன்டி. நான் ஒன்னும் அவளக் கடிச்சித் துன்னுட மாட்டேன். நீ அந்தப் பாப்பாவையும் கூட்டினு உள்ள போ. ஸ்பீக்கர நிறுத்தச் சொல்லு."

கீழே ஜெகதாம்பாள் வீட்டு வாசலில் விளக்கு எரிந்தது. கொசு காலைப் பிடுங்கியது. வனஜா நின்ற இடத்தில் நிற்காமல் மாடியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள்.

"... போயிட்டாளா?... எல்லாத்தையும் கேட்டுகினு இருந்தியே, குளுகுளுன்னு இருந்திருக்குமே உனக்கு... ஏய், கொரல ஒசத்தாத எங்கிட்ட. இம்மா நேரம் பூன மாரி இருந்த, இப்ப இன்னா எகிர்ற?... உனக்கு இன்னா கஷ்டம்?... நானா வெச்சிக்கச் சொன்னேன்?... ஒரே பெட்ரூமுன்னா, அது எனக்கு எதுக்கு?... ம்... பாப்பா ஸ்கூலு, உன் மெடிக்கல் ஷாப்பு வேல... அவரு மாசத்துல பாதி நாளு இல்ல... ஊட்டையும் வெளியயும் நீயே பாத்துகினு... ம்... அப்ப உனக்கும் இஷ்டம் இல்லியா? அவ வந்தது?"

"... பையோட வந்து கேட்டாண்ட நின்னா, போன்னு சொல்ல வாய் வரல. அவ்ளோதானா? அதுக்கோசரம்தான் உள்ள உட்டியா?"

மகளை இவள் ஆசைகாட்டி இழுத்துவிட்டாள் என்றுதானே இத்தனை நேரமும் சண்டை. இழுக்கவில்லை, வேறு வழியில்லாமல் சேர்த்துக்கொண்டாள் என்று தெரிந்தால் மனசு ஆறவேண்டும். வனஜாவுக்கு ஆறவில்லை. உச்சந்தலையில் யாரோ அடித்த மாதிரி இருந்தது.

"ஏய்! எம் பொண்ண இன்னான்னு நெனச்சினுகீற நீ? போக்கத்துப் போயி உங்க வாசல்ல வந்து நின்னதா? எங்க தெருவுல எந்தப் பொண்ணுடி அந்த மார்க்கு எட்துச்சி? காலையில எய்ந்து ரெண்டு பேருக்கும் சமச்சி வெச்சிட்டு, அப்பால குந்திப் படிக்கிற பொண்ணு அது. எனக்குத் தலவலின்னா சொல்லவே வோணாம், மூஞ்சியப் பாத்தே தைலத்த எட்தாரும். உம் பொண்ணுக்கு ஏபிசிடியிலருந்து எல்லாம் சொல்லிக் குடுக்கும். அது தங்கறதுக்கு அந்த ஊடு குடுத்து வெச்சிருக்கணும். தெரியுமா? இஷ்டம் இல்லாம வெச்சிகீறாளாம்!"

மூச்சு வாங்கியது. தான் எந்தப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதே அவளுக்குப் பேசி முடித்த பிறகுதான் உறைத்தது. பெண்ணைத் திருப்பி அனுப்பு என்று ஆரம்பித்தவள், ஏன் வரவேற்கவில்லை என்று அடித்துக்கொண்டிருக்கிறாள். நல்லவேளை, ஸ்பீக்கர் நின்றிருந்தது.

"... இல்ல, நீ சொன்ன. எங்காதுல உய்ந்துச்சி... பின்ன இன்னா அர்த்தம் அதுக்கு?... அவளப் புடிக்குமா? உனக்கா?... அவ வந்தா பாப்பா அடம் புடிக்காம துன்னுதா... ம்... ம்... பயமா? அவளுக்கு ஒன்னு ஆயிட்டா நான் வந்து கேப்பேன்னா? கேப்பேன். கண்டிப்பா கேப்பேன். அந்த பயம் இருக்கட்டும்."

"தோ பாரு. புடிக்கும்னா அதோட நிறுத்திக்க. மடியில தூக்கி வெச்சிக் கொஞ்சாத. அம்மா ஆவப் பாக்காத. அவளுக்கு அம்மா கீறா, வெள்ளானூர்ல, குத்துக்கல்லு மாரி... சரி. கேட்டுக்க இப்ப. இது உனக்காகச் சொல்லல, அவளுக்காகச் சொல்றேன். பசிக்கலன்னு சொல்லுவா, நம்பாத. தட்டுல போட்டு வெச்சிட்டுப் போயிகினே இரு. பக்கத்துல நின்னு பாக்காத. பாத்தா துன்ன மாட்டா. பேனுக்கு நேரா படுக்க உடாத. ஊடு கூட்டும்போது அவள வெளிய அனுப்பிடு, தூசி ஆவாது. அந்தாளு வந்து ஊட்டுக்குள்ள சிகரெட்டு பத்த வெச்சாருன்னா, கைய புட்சி வெளிய தள்ளு... நீயும் அதத்தான் பண்ணினுகீறியா?... கேக்க மாட்டாரே... ஆங், மூஞ்சியத் தூக்கி வெச்சினு மாடிக்குப் போவாரு. அப்டித்தான். எங்கூட்லயும் அப்டித்தான்."

சிரிப்பு வந்துவிட்டது. எதிர்ப்பக்கமும் சிரிப்பது காதில் விழுந்ததும் வனஜா சட்டென்று முகத்தை இறுக்கிக்கொண்டாள்.

"சிரிக்கிற வேலையெல்லாம் வோணாம். உங்கிட்ட சிரிக்கிறதுக்கு எனக்கு ஒன்னும் இல்ல. சனிக்கெழம காலேஜ் உட்டதும் அவ பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு வரணும். நான் வந்து நிப்பேன். ஞாயித்துக்கெழம எங்கூட்ல. திங்கக்கெழம காலையில நேரா காலேஜுக்குப் போவா... இல்ல, நான் அங்க வர மாட்டேன். உங்கூட்டு வாசப்படிய நான் மிதிக்க மாட்டேன்... காபியும் வோணாம், ஒன்னும் வோணாம்... அடுத்த வருஷம் ஆஸ்டல்ல மொத ஆளா சேத்து உட்றுவேன். அது வரைக்கும்தான். எழுதி வெச்சிக்க."

"... வெச்சிடறேன்... இன்னும் இன்னா?... ஊட்டுக்காரம்மாவா? மேல் ஊட்ல கீறாங்களா?... அதுக்குள்ள கேட்டாச்சா அவங்க, யாரு இந்தப் பொண்ணுன்னு?... நீ இன்னா சொன்ன?... சொந்தக்காரப் பொண்ணுன்னா?"

வனஜா நடையை நிறுத்தினாள். நசரத்பேட்டையில் தான் பார்த்தேயிராத ஒரு வீட்டு வாசலில், முன்பின் தெரியாத ஒரு பொம்பளை தன் மகளை மேலும் கீழும் பார்ப்பதும், அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நிற்பதும் அவள் கண்ணெதிரே நின்றது.

"... சொந்தக்காரப் பொண்ணெல்லாம் இல்ல. அப்டிச் சொல்லாத... அதுவும் வோணாம். அவரு மொத சம்சாரத்துப் பொண்ணுன்னு சொன்ன, நான் அங்க வந்து உன்ன உண்டு இல்லன்னு ஆக்கிடுவேன்... இன்னா சொல்றதா?"

"வனஜா பொண்ணுன்னு சொல்லு... ஆமா. எம் பேரு சொல்லித்தான். சத்தமா சொல்லு, பவி காதுல உய்ற மாரி சொல்லு... எந்த வனஜான்னு அந்தம்மா கேட்டா? கேக்கட்டும். நான் யாருன்னு உனக்குத் தெரியும் இல்ல? நீயே சொல்லிக்க."

எதிர்ப்பக்கம் ஏதோ சொல்லத் தொடங்கியது. வனஜா போனை வைத்தாள்.